திமிங்கிலம்: பெருமீன்விழுங்கி விலங்கான கதை

நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளரும். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் அதைவிடப் பெரியது கிடையாது. ஆனால் அதன் தொண்டை குறுகல். ஓர் ஆளை விழுங்கச் சொன்னாலும் அதனால் முடியாது. சுண்டுவிரல் அளவுள்ள கிரில் என்னும் உயிர்களைக் கடல்நீரோடு வாய் நிறைய அள்ளி, நீரை வடித்துவிட்டுத் தின்றே அவ்வளவு பெரிய உடம்பை அது வளர்க்கிறது. இந்தச் சாதுவுக்கு நாம் வைத்திருக்கும் பெயரின் பொருளோ, ‘பெருமீனை விழுங்குவது’.

சொல் வடமொழி வரவு. ‘திமி’ என்பது கடலில் வாழும் பெருமீன். ‘கில’ என்றால் விழுங்குவது. திமியை விழுங்குவது திமிங்கிலம். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. திமிங்கிலத்தை விழுங்க இன்னொன்றைக் கற்பித்து அதற்குத் திமிங்கிலகிலம் என்று பெயர் வைத்தார்கள். ‘திமி என்றொரு மீன் உண்டு, அது நூறு யோசனை (பழைய தூர அளவு) பரந்தது, திமிங்கிலகிலமும் உண்டு, அதையும் விழுங்கும் ராகவம் என்பதும் உண்டு’ என்கிறது பழைய வடமொழித் தனிப்பாடல் ஒன்று. வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்று நாம் சொல்வதை அவர்கள் மீன்களை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். விழுங்கும் வினையைத் திரும்பத் திரும்ப ஒட்டியே பூதத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போகும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. கொம்பு, கோரைப்பல், நெருப்பு மூச்சு எதுவும் தேவைப்படவில்லை.

பழைய நூல்களில் இது கடலின் அச்சத்துக்குக் கொடுத்த உருவமாகவே வருகிறது. மகாபாரதத்தின் ஆதிபருவம் கடலை வருணிக்கும்போது திமிங்கிலங்களையும் மகரங்களையும் சேர்த்தே சொல்கிறது. பாகவதத்தில் பரீட்சித்து மன்னன் தன் பாட்டன்மாரை நினைத்துப் பேசும் இடம் இன்னும் அழகு. கௌரவர் படை ஒரு கடல். பீஷ்மர் முதலான பெருவீரர்கள் அதில் திரியும் திமிங்கிலங்கள். கண்ணனைத் தோணியாகக் கொண்டு பாண்டவர்கள் அந்தக் கடலை, கன்றின் குளம்படியில் தேங்கிய நீரைத் தாண்டுவதுபோலத் தாண்டினார்கள் என்கிறான். அதே நூலில் ஊழி வெள்ளத்தில் தனியாக அலையும் மார்க்கண்டேயரைத் துன்புறுத்துவனவற்றிலும் திமிங்கிலம் உண்டு.

பௌத்தத்தின் பாலி நூலான உதானம், பெருங்கடலின் எட்டு வியப்புகளில் ஒன்றாக அங்கே வாழும் பேருயிர்களைச் சொல்கிறது. நூறு யோசனை முதல் ஐந்நூறு யோசனை வரை நீளும் உடம்புகள் அங்கே உண்டாம். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பவை திமியும் திமிங்கலமும். ஆம், பாலியில் அது திமிங்கலம்தான். தமிழில் ‘திமிங்கிலமா, திமிங்கலமா’ என்று சண்டை போடுகிறவர்களுக்கு இது உதவும். வடமொழி வடிவத்தை ஒட்டியது திமிங்கிலம். அகராதிகளில் தலைச்சொல்லாக இருப்பதும் அதுவே. பேச்சிலும் செய்தித்தாளிலும் திமிங்கலம் வேரூன்றிவிட்டது. அதைப் பிழை என்று திருத்தக் கிளம்புவது வீண்வேலை.

தமிழில் இந்தச் சொல் முழு ஆற்றலோடு நிற்கும் இடம் கம்பன். வழி கேட்டு நோன்பிருந்தும் வருணன் வராததால் சினந்த இராமன் கடலின்மேல் அம்பு தொடுக்கிறான். மகரங்கள் குருதி உமிழ்ந்து சாகின்றன. அடுத்து வருகிறது ‘திமிங்கிலங்களும் திமிங்கிலகிலங்களும் சிதறி’ என்னும் அடி. அதைச் சொல்லிப் பாருங்கள். விழுங்கியும் விழுங்கியை விழுங்கியும் துண்டு துண்டாகப் போவது ஓசையிலேயே கேட்கும். மேலே சொன்ன தனிப்பாடலில் திமிங்கிலகிலத்தை விழுங்குவதன் பெயர் ராகவம், இங்கே அதைச் சிதறடிப்பவன் ராகவன் என்பது தற்செயலோ என்னவோ, படிக்கும்போது புன்னகை வருகிறது.

இந்த இடங்களில் வருவதெல்லாம் மீன். பாலூட்டும் விலங்கு பற்றிய பேச்சே இல்லை. பிற்காலத்தில் மேல்நாட்டு விலங்கியலைத் தமிழில் எழுதியவர்களுக்கு, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும் அந்தப் பேருயிருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது; கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது புராணத்துத் திமிங்கிலம். ‘ஏன், பழந்தமிழிலேயே பனைமீன் இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. மதுரைக்காஞ்சியில் பனைமீன் திரியும், சங்கு மேயும் கடற்பரப்பு வருவது உண்மை. ஆனால் அந்த அடி இந்த விலங்கைத்தான் சொல்கிறது என்பதற்கு அடியில் எந்த அடையாளமும் இல்லை. பெருமீன் என்ற பொருளில் யானைமீன் என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் தாராளமாக எடுத்தாளலாம். விலங்கியலுக்குத் திமிங்கிலமே போதும்.

கற்பனைப் பூதத்தின் பெயர் கண்ணால் கண்ட விலங்குக்குப் போய் ஒட்டிக்கொள்வது நம் மொழியில் மட்டும் நடந்ததில்லை. எபிரேய விவிலியத்தில் வரும் கடற்பூதமான லிவியாதானை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கு, சுருள் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த பெயர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஏசாயா நூலின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அதைக் ‘கோணலான சர்ப்பம்’ என்று அச்சொட்டாகப் பிடித்திருக்கிறது. பக்கத்திலேயே வரும் ‘வலுசர்ப்பம்’ இன்றைய டிராகன் கதைகளுக்கும் பொருந்தும் நல்ல சொல், ஏனோ நாம் பயன்படுத்துவதில்லை. லிவியாதானுக்கும் மூத்த உறவினர் ஒருவர் உண்டு: சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் கிடைத்த, பழைய உகாரித்து நகரத்தின் களிமண் பலகைகளில் வரும் லோத்தான், பாஅல் தெய்வம் கொன்ற ஏழுதலைப் பாம்பு. இத்தனை பரம்பரைப் பெருமை உள்ள லிவியாதான் இன்றைய எபிரேயத்தில் என்ன தெரியுமா? வெறும் திமிங்கிலம்.

கிரேக்கத்தில் கீத்தோஸ் என்னும் கடற்பூதம். பாறையில் கட்டிவைக்கப்பட்ட இளவரசி ஆண்ட்ரோமிடாவைத் தின்ன வந்து வீரன் பெர்சியசிடம் செத்தது அது. திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் (டால்பின்) சேர்த்துக் குறிக்கும் ‘சிட்டேசியா’ என்ற அறிவியல் பெயர் அதிலிருந்து வந்தது. யோனாவை விழுங்கியதும் கிரேக்க விவிலியத்தில் கீத்தோஸ்தான். தமிழில் அது அடக்கமாகப் ‘பெரிய மீன்’ ஆனது. மகரத்தின் கதை கொஞ்சம் வேறு. யானைத் துதிக்கையும் முதலை வாயும் மீன் வாலுமாகச் சிற்பிகள் செதுக்கிய அந்த உரு, இந்திக்குப் போய் மகர் என்னும் முதலையானது. தமிழுக்கு வந்து சுறாவானது. காமனின் மகரக்கொடி நமக்குச் சுறவக்கொடி.

நார்வேக் கடற்கதைகளின் பூதமான கிராக்கன் மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கிறது. நார்வே மொழியில் ‘கிராக்கெ’ என்பது கோணலாக முறுக்கி வளர்ந்த மரம் போன்றவற்றைக் குறிக்கும் சொல். லிவியாதானைப்போலவே இங்கும் முறுக்குதான். 1752-53இல் பெர்கன் நகரத்து ஆயர் எரிக் பொன்டொப்பிடான் நார்வேயின் இயற்கை வரலாற்றை எழுதியபோது, கிராக்கனின் முதுகு ஒன்றரை மைல் சுற்றளவு இருக்கும் என்றும், பார்ப்பவர்களுக்குச் சிறு தீவுக்கூட்டம்போலத் தெரியும் என்றும், அது அமிழும்போது எழும் நீர்ச்சுழியே பெரிய ஆபத்து என்றும் பதிவு செய்தார். அதன் கைகள் பெரிய போர்க்கப்பலையும் கடலடிக்கு இழுத்துவிடும் என்று சொல்லப்படுவதையும் குறித்திருக்கிறார். ஆனாலும் இங்கே அது முதலில் மிதக்கும் ஒரு நிலம். தீவு என்று நம்பிக் கால்வைத்தால் அது மீனாக இருக்கும் கதை சிந்துபாத்தின் முதல் பயணத்திலும் வருகிறது.

அதற்கும் முன்னால், 13ஆம் நூற்றாண்டு நார்வே நூலான ‘அரசனின் கண்ணாடி’ ஹாஃப்குஃபா என்ற ஒன்றைச் சொல்கிறது. அது ஏப்பம் விட்டு இரையை வெளியே தள்ளுமாம். அந்த வாடைக்கு மீன்கள் கூட்டமாக வந்து, கடற்கழி போலத் திறந்திருக்கும் வாய்க்குள் தாமே நுழையுமாம். கட்டுக்கதை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட செய்தி இது. ஆனால் கூனல்முதுகுத் திமிங்கிலங்களும் பிரைடுத் திமிங்கிலங்களும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மீன்கள் உள்ளே வரக் காத்திருப்பதை அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் கண்டு பதிவு செய்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 2023இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வாதிட்டது. விழுங்கியைப் பற்றிய பழைய விவரிப்பு ஒரு கடலோடியின் நேர்ப்பார்வையிலிருந்து வந்திருக்கலாம் என்பதை நான் நம்பத் தயார்.

கிராக்கனின் கைகள் கதையில் முன்னுக்கு வந்தது பின்னால். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலாளர் தெனி தெ மோன்ஃபோர், ஒரு கப்பலின் பாய்மரங்களைச் சுற்றி வளைக்கும் மாபெரும் பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) படத்தை வெளியிட்டார். இன்றைய விளையாட்டுகளிலும் சாகசக் கதைகளிலும் நாம் காணும் கிராக்கன் அந்தப் படத்தின் வாரிசு. 1857இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீன்ஸ்ட்ரப் இராட்சதக் கணவாய்க்கு ‘ஆர்க்கிடியூத்திஸ்’ என்று பெயரிட்டு அறிவியலுக்குள் கொண்டுவந்தார். உயிருள்ள ஒன்றை அதன் வாழிடத்திலேயே படம்பிடிக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே அது நடந்தது. இந்தக் கணவாய் இனம் நீண்ட இரு பிடிகைகளையும் சேர்த்தால் அதிகபட்சம் 12, 13 மீட்டர் வரும். ஒன்றரை மைலோடு பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதை வேட்டையாடித் தின்பது எது? எண்ணெய்த் திமிங்கிலம். அதன் தோலில் கணவாயின் உறிஞ்சிகள் பதித்த வட்டத் தழும்புகளும், வயிற்றில் செரிக்காமல் கிடக்கும் கணவாய் அலகுகளும் சாட்சி. திமிங்கிலகிலக் கணக்கில் சொன்னால் எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு கிராக்கன்கிலம்.

1981இல் வந்த ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ திரைப்படம் ஆண்ட்ரோமிடாவைத் தின்ன வரும் பூதத்துக்குக் கிராக்கன் என்று பெயர் சூட்டியது. நார்வேக் கடலின் பிராணி கிரேக்கக் கடலுக்கு வந்தது அப்படித்தான். கீத்தோஸுக்கு இது அநியாயம் என்றாலும் பெயர் பரவிவிட்டது. இப்போது எந்தக் கற்பனை உலகின் கடலிலும் ஒரு கிராக்கன் இருக்கலாம் என்றாகிவிட்டது.

சரி, இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கடல் அரக்கன்’, ‘கடல் அசுரன்’ இரண்டும் அதிகம் புழங்குகின்றன. எனக்கு உடன்பாடில்லை. அரக்கனுக்கு ஊர் உண்டு, குலம் உண்டு, தவம் செய்து வரம் வாங்குவான், சபையில் வாதாடுவான். கடலடியிலிருந்து எழும் இந்த உயிர்களோ பேசாத விலங்குகள். கடற்பூதம் என்பது தேவலை. உடம்பின் பருமனும் அச்சமும் அதில் இருக்கின்றன, குலங்கோத்திரம் கேட்பதில்லை. பொதுச்சொல்லாக அதையே பரிந்துரைப்பேன். ‘இராட்சதக் கணவாய்’ ஆர்க்கிடியூத்திஸுக்கு உரியது. கதையில் வரும் கிராக்கனுக்கு அதை வைத்தால் பூதம் மீன்கடைக்கு வந்துவிடும். ‘பேய்க்கணவாய்’ அச்சமூட்டும் பெயர்தான், ஆனால் அது ஆக்டோபசுக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர்.

திமிங்கிலம் என்ற சொல்லையே பிரித்துப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. கில என்பதற்கு நேர்த்தமிழ் ‘விழுங்கி’. மரங்கொத்தி, எறும்புதின்னி என்று வினையால் உயிரைப் பெயரிடுவது தமிழுக்கு இயல்பு. திமிங்கிலம் மீன்விழுங்கி; திமிங்கிலகிலம் மீன்விழுங்கிவிழுங்கி, வாய்விட்டுப் படித்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். புதிதாகக் கடல் சாகசக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் பூதங்களுக்குக் கப்பல்விழுங்கி, தீவுவிழுங்கி, கரைவிழுங்கி என்று பெயர் வைக்கலாம். ஒவ்வொரு பெயரும் அந்தப் பூதம் என்ன செய்யும் என்பதையும் கூடவே சொல்லிவிடும்.

கிராக்கன், லிவியாதான் ஆகியவை தனிப்பெயர்கள். அப்படியே விடுவது நல்லது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கிராக்கன் என்பதன் இறுதி ‘ன்’ நார்வே மொழியில் ‘அந்த’ என்று சுட்டும் ஒட்டு. அந்தக் கிராக்கெ என்பதே கிராக்கன். தமிழ்க் காதுக்கோ அது அரக்கன், அசுரன் வரிசையில் ஆண்பால் விகுதியாக விழுகிறது. அதனால்தான் மொழிபெயர்ப்புகளில் இரண்டு பக்கம் தாண்டியதும் ‘கிராக்கன் எழுந்தான், பாய்மரத்தை முறித்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். டிராகனுக்கும் இதே ‘ன்’ இருக்கிறது. அது பறந்து வந்தது என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். கிராக்கனும் எழுந்தது, பாய்மரத்தை முறித்தது என்றே இருக்கட்டும்.