மெஷின் வந்தால் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்

"குடும்பச் சூழ்நிலை காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்." கோவை, பல்லடம், உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில் தொழிலாளர்கள் என்னிடம் கொண்டுவரும் கேஸ் கட்டுகளில் இந்தக் கடிதம் தவறாமல் இருக்கும். ஒரே மில், ஒரே தேதி, ஒரே வாசகம். கையெழுத்து மட்டும் வேறு வேறு. விசாரித்தால், அந்த மாதம்தான் நூல் நூற்கும் மெஷினான ரிங் பிரேமுக்கு ஆட்டோ டாஃபர் வந்திருக்கும்.

நூல் நிறைந்த பாபின்களை உருவி, காலி பாபின்களை மாட்டுவது டாஃபிங். முன்பு வரிசையாக ஆள் நின்று கையால் செய்த வேலை. இப்போது ஆயிரம் ஸ்பிண்டிலுக்கு (நூற்கும் கதிர்) மேல் உள்ள நீள பிரேமிலும் ஆட்டோ டாஃபர் மெஷினே சில நிமிடத்தில் மொத்தமாக மாற்றிவிடுகிறது. நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் அறுந்த நூலை முடிச்சுப் போட்ட பெண்களின் வேலையை ஆட்டோகோனர் என்ற மெஷின் செய்கிறது. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி என்று மில்களில் எச்.ஓ.கே. கணக்கு பார்ப்பார்கள். அந்த எண் இறங்கினால் நிர்வாகத்துக்கு நல்ல பெயர், டாஃபிங் செய்த தொழிலாளிக்கு வேலை இல்லை.

மெஷினே கூடாது என்பது என் கட்சி அல்ல. பழைய பிரேமை வைத்துக்கொண்டு இன்றைய விலைக்கு நூல் விற்க முடியாது. ஆனால் மெஷின் வந்து ஆளை நிறுத்தினால் சட்டப்படி அது ஆள்குறைப்பு. வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 12 வருட சர்வீஸுக்கு 180 நாள் சம்பளம். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் இதைக் கேட்பது மிகக் கடினமாகிவிடும்.

"செட்டில்மென்ட் பண்ணிட்டாங்க சார்" என்று நீட்டுகிற தாளில் பெரும்பாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டும்தான் இருக்கிறது. அதுவும் வருடத்துக்கு 15 நாள் கணக்கு என்பதால், இரண்டும் ஒன்று என்று நம்பிவிடுகிறார்கள். 5 வருடம் முடித்தவர் தானாக நின்றாலும் கிராஜுவிட்டி உண்டு. ஆள்குறைப்பு இழப்பீடு தனி. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. முன்பு 100 பேர் வேலை செய்யும் மில்லே ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும்; இப்போது 300 பேராவது இருந்தால்தான் அந்தக் கட்டாயம். நடுத்தர மில்களில் வேலை செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு இது பெரிய கவலை. ஆள்குறைப்பில் வேலை இழந்தவருக்கான மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் தொழிலாளி கணக்கில் சேர வேண்டும் என்பது புதிதாக வந்த ஒரே ஆறுதல். அதற்கும் தாளில் ஆள்குறைப்பு என்று இருந்தாக வேண்டும். மெஷினால் ஆள் குறையும் என்றால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதி முன்பும் உண்டு, இப்போதும் உண்டு.

ஏற்கெனவே ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டவர்களும் தள்ளிப்போடாதீர்கள். வேலை போன நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். பாஸ்புக் நகலோடு, எந்த மெஷின் எந்த மாதம் இறங்கியது, உங்கள் ஷிப்டில் யார் யாரை நிறுத்தினார்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.