புது இன்ஜினுக்கு எவ்வளவு செல்லம் கொடுக்கலாம்?

புது வண்டி எடுத்தவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறவரைக்கும் 40-ஐத் தாண்டாதீங்க" என்பதுதான். இது பாதிதான் சரி. இதை அப்படியே பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால், அந்த இன்ஜின் பின்னாளில் ஆயில் குடிக்கத் தொடங்கலாம். ஏன் என்று புரிய, சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய ரிங்குகளைப் பார்க்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குப் பெரும்பாலும் மூன்று ரிங். அடியில் இருப்பது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே இறக்கும். மேலே இருப்பது எரிந்த வாயு கசியாமல் அடைக்கும். நடு ரிங் இரண்டு வேலையிலும் கை கொடுக்கும்.

மேல் ரிங் எப்படி அடைக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். அதற்கு ஸ்பிரிங் போல விரியும் தன்மை உண்டு. ஆனால் அந்த விசை கொஞ்சம்தான். எரிபொருள் வெடித்து எரியும்போது உண்டாகும் வாயு, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, அதன் முதுகுப் பக்கமிருந்து சுவரை நோக்கித் தள்ளுகிறது. அதாவது இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறதோ, அந்த அளவுக்கு ரிங் சுவரில் அழுந்தும். சும்மா ஐடிலில் நின்றால் அழுத்தம் குறைவு.

சரி, ஏன் அழுந்த வேண்டும்? புது சிலிண்டரின் சுவர் வழவழப்பானது அல்ல. தொழிற்சாலையில் வேண்டுமென்றேதான் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த கீறல்களைப் போட்டு அனுப்புகிறார்கள். இதற்கு ஹோனிங் என்று பெயர். இன்ஜினைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வது கண்ணுக்கே தெரியும். கீறலின் பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகளின் கூர்முனையை ரிங் தேய்த்து மட்டமாக்க வேண்டும். அந்தத் தேய்மானத்தில் ரிங்கின் விளிம்பும் சுவருக்கு ஏற்றபடி அமையும். இரண்டும் இப்படி ஒன்றுக்கொன்று பழகிக்கொள்வதைத்தான் மெக்கானிக்குகள் "ரிங் செட் ஆகிறது" என்பார்கள்.

புது உப்புத்தாள் முதல் சில இழுப்புகளில்தான் நன்றாக அராவும், அப்புறம் மழுங்கிவிடும். சிலிண்டர் சுவரும் அப்படித்தான். 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) உள்ள இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பிஸ்டன் நிமிடத்துக்கு 3,000 தடவை ஏறி இறங்கும். சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டர். ஆகவே தேய்மானத்தின் பெரும்பகுதி ஆரம்ப நாட்களிலேயே நடந்து முடிந்துவிடும்.

அந்த நாட்களில் ரிங் சரியாக அழுந்தாவிட்டால், வழித்து இறக்கப்படாத ஆயில் சுவரில் தங்கி, எரிதலின் சூட்டில் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். கீறல்களின் பள்ளங்கள் அடைபட்டு, சுவர் கண்ணாடிபோல் பளபளக்கும். அதற்குப் பிறகு ரிங் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, செட் ஆவது கடினம். பெரும்பாலும் இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்ய வேண்டியிருக்கும்.

"அப்படியானால் முதல் நாளே முழுசாக முறுக்கலாமே" என்று வாதிடும் கூட்டமும் உண்டு. அதுவும் ஆபத்துதான். மேட்டுமுனைகள் உரசும் இடங்கள் மிகச் சிறியவை. அங்கே சூடு ஏறி ஆயில் படலம் கிழிந்தால், உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்ந்துகொண்டு வரும். பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் படலம் மிக மெல்லியது என்பதால், அடி அங்கே கூடுதலாக விழும்.

ஆக, பாரம் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்துச் சூடாக்காமல், கிளம்பி மெதுவாக ஓட்டியே இன்ஜினைச் சூடாக்குங்கள். பிறகு நடுக் கியரில் மிதமாக ஆக்சிலரேட்டர் கொடுத்து நடுத்தர ஆர்பிஎம் வரை ஏற்றி, காலை எடுத்துவிட்டு வண்டி தானாக வேகம் குறையட்டும். அப்படிக் குறையும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகும். கொஞ்சம் ஆயில் மேலே இழுக்கப்பட்டு ரிங்குக்கு மசகு கொடுக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவதை மட்டும் தவிருங்கள்.

40-க்கு மேல் போகக்கூடாது என்று பயந்து, டாப் கியரில் வண்டி திணறத் திணற ஓட்டுபவர்கள்தான் உண்மையில் இன்ஜினைப் படுத்துகிறார்கள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், அதன் பேரிங்குகளில் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. சுழற்சி குறையக் குறைய படலம் மெலியும். குறைந்த ஆர்பிஎம்மில் அதிகப் பாரம் என்பது பேரிங்குக்குச் சோதனை.

இன்றைய இன்ஜின்களில் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே மேட்டுமுனைகளைச் சீவிவிடுகிறார்கள். பழைய காலத்து அளவு பத்தியம் இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. ஆனாலும் கையேட்டில் சொன்ன தூரத்தை மதிப்பது நல்லது. பல நிறுவனங்கள் 1,000 முதல் 1,600 கிலோமீட்டர் வரை சொல்கின்றன. புது பிரேக்கும் டயரும் பழகவும் சில நூறு கிலோமீட்டர் ஆகும்.

தேய்ந்த துகள்கள் ஆயிலில் கலப்பதால், முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. சிறப்புச் சேர்மானங்கள் கலந்த ஆயிலை ஊற்றி, குறித்த காலத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்பவையும் உண்டு. இதில் நண்பர்கள் சொல்வதைவிட உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே செல்லும். சிந்தெடிக் ஆயில் போட்டால் ரிங் செட் ஆகாது என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. பல வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே அந்த ஆயிலோடுதான் வருகின்றன.

ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை அடிக்கடி இழுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஆயில் அளவு கொஞ்சம் இறங்குவது சகஜம். போகப் போக அது நிற்க வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், அல்லது இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால், வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.