கப்பி பெருகும் தண்ணீரில் நியான் ஏன் குஞ்சு பொரிப்பதில்லை?

சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் கப்பி மீன் வாங்கிப் போனவர்கள் சில மாதங்களில் அதே கடைக்குத் திரும்பி வந்து, "குட்டிகளை வைக்க இடமில்லை, கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதுண்டு. பக்கத்துத் தொட்டியிலிருந்து நியான் டெட்ரா வாங்கிப் போனவர் அப்படி வருவதே இல்லை. அவர் வீட்டு நியான் நன்றாகத்தான் இருக்கும். தீனி எடுக்கும், நீலக்கோடு மின்னும், பெண்ணுக்கு வயிறும் உருண்டு நிற்கும். விடியற்காலையில் முட்டைகூட இடும். குஞ்சு மட்டும் வராது. தீனியை மாற்றுவார், விளக்கை மாற்றுவார், ஃபில்டரை மாற்றுவார். மாற்ற வேண்டியது தண்ணீரை.

வடசென்னையில் பல வீடுகளுக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர். புழல் ஏரி நீரோடு, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் நீரும் இந்தப் பகுதிக்கு வருகிறது. இன்னொன்று போர் தண்ணீர். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிப் போகப் போக இது உப்புக் கரிக்கும். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீரே நிலத்துக்குள் புகுந்துவிட்டது. கொளத்தூர், ரெட்டேரி பக்கம் அந்த அளவுக்குக் கரிக்காவிட்டாலும், வாளியின் விளிம்பிலும் குழாயின் வாயிலும் வெள்ளைப் படிவு கட்டாத வீடு குறைவு. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த இந்த நீரைத்தான் கடின நீர் என்கிறோம். கப்பி பெருகுவதும் நியான் பொரிக்காததும் பெரும்பாலும் இந்தப் படிவை வைத்தே தீர்மானமாகின்றன.

முதலில் கப்பி. இது தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்த மீன். அங்கே மலை ஓடையிலும் இருக்கும், கடல்நீர் கலக்கும் கழிமுகத்திலும் இருக்கும். அதன் உறவான மோலி இன்னும் ஒரு படி மேலே போய், பழக்கினால் முழு உப்பான கடல்நீரிலேயே வாழும். உப்புத் தண்ணீரை இவை பொறுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் பெருக்கத்துக்கு அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. இவை குட்டி போடும் மீன்கள். கரு வெளித் தண்ணீரைத் தொடுவதே இல்லை. தாயின் உடலுக்குள், மஞ்சள் கருவை உண்டபடி ஏறக்குறைய நான்கு வாரம் வளர்கிறது. வெளியே தண்ணீர் எப்படி இருந்தாலும் தாய் தன் உடல்நீரில் உப்பின் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்கிறது. ஆகவே கருவைச் சுற்றியிருக்கும் நீர் கொளத்தூரிலும் டிரினிடாடிலும் ஒன்றுதான்.

கப்பியில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய நிறத்தையும் வாலையும் பார்ப்பார்கள். வளர்ந்த மீனுக்கு அது போதும். மூன்று நான்கு வாரக் குட்டிக்குப் போதாது. குட்டியைச் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி வைத்து, ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் அடித் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறியாக விரிந்திருக்கும். ஆணுக்கு அதன் மூன்று, நான்கு, ஐந்தாவது முள்கதிர்கள் நீண்டு ஒன்றுசேர்ந்து, துடுப்பு குச்சியாகக் குறுகத் தொடங்கியிருக்கும். அந்தக் குச்சிதான் பிற்பாடு விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பு. பெண்ணுக்கு அடித் துடுப்புக்கு மேலே வயிற்றின் பின்பகுதியில் கருநிழல் போல ஒரு புள்ளியும் தெரியத் தொடங்கும். நல்ல ரகம் வளர்க்க விரும்புகிறவர் பிரிக்க வேண்டியது இந்தப் பருவத்தில்தான். பெண் கப்பி விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைத்திருக்கும். ஒருமுறை இணைந்துவிட்டால், ஆணே இல்லாத தொட்டியிலும் அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் வளர்ந்த பெண்ணை வாங்கி, வீட்டில் அருமையான ஆணோடு சேர்த்து, பிறந்த குட்டிகள் ஏன் தகப்பனைப் போல இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அந்தக் குட்டிகளில் பலவற்றுக்குத் தகப்பன் கடைத் தொட்டியில் நின்றுவிட்ட வேறொரு மீன்.

தகப்பனைப் போல இருப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரபியலுக்கே இந்தச் சிறு மீன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆண் கப்பியின் சில வண்ணப் புள்ளிகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகின்றன. அவற்றின் மரபணு ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஷ்மித் 1920இல் இதைக் காட்டினார். ஓய்விண்ட் விங்கே 1922இல் மேலும் உறுதிப்படுத்தினார். ஒய் குரோமோசோம் வழியாக ஒரு பண்பு கடத்தப்படுவதற்குக் கிடைத்த முதல் சான்றுகள் இவை. வேறு சில நிறங்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. அவற்றைப் பெண்ணும் சுமக்கிறது, ஆனால் ஆண் ஹார்மோன் இல்லாமல் அந்த நிறங்கள் வெளிப்படுவதில்லை. சாம்பல் நிறத்தில் சாதுவாக நீந்தும் பெண்ணைப் பார்த்து அது என்ன ரகம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் சகோதரர்களைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். பெண் கப்பி வாங்கும்போது அது பிறந்த தொட்டியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது முட்டை போடும் மீன்களுக்கு வருவோம். பெண் முட்டையைத் தண்ணீரில் விடுகிறது, ஆண் அதே நொடியில் விந்தைத் தண்ணீரில் விடுகிறது. நன்னீர் மீன்களின் விந்தணு தண்ணீர் பட்டதும் நீந்தத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், பல இனங்களில் அதற்கும் முன்பே, ஓய்ந்துவிடும். அதற்குள் அது முட்டையின் ஓட்டில் இருக்கும் ஒரே ஒரு நுண்துளையைக் கண்டுபிடித்து உள்ளே போக வேண்டும். முட்டைக்கும் காலக்கெடு உண்டு. தண்ணீரில் விழுந்த முட்டை நீரை உறிஞ்சிப் பருத்து, நுண்துளையை மூடிக்கொண்டு, மேலுறையைக் கெட்டியாக்கத் தொடங்கிவிடும். உறையைக் கெட்டியாக்கும் நொதி வேலை செய்யக் கால்சியம் தேவை. எல்லா மீன் முட்டைக்கும் ஓரளவு கால்சியம் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு வேண்டும் என்பதில்தான் ஊர் வந்து நுழைகிறது. நியானின் பிறப்பிடம் மேல் அமேசானின் கிளை ஓடைகள். அங்கே ஓடுவது கிட்டத்தட்ட மழைநீர். மண்ணிலிருந்து கரைந்து வர அதில் சுண்ணாம்பே இல்லை. உதிர்ந்த இலைகள் ஊறியதால் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகவும் சற்று அமிலமாகவும் இருக்கும். அந்தச் சொற்பக் கால்சியத்துக்குப் பழகிய முட்டை, வாளியில் படிவு கட்டும் நம் தண்ணீரில் விழுந்தால் சரியாகப் பருப்பதில்லை. கருவுறுவதும் குறைகிறது, கருவுற்றவையும் பொரிப்பதில்லை. வளர்ந்த நியானுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செவுளும் சிறுநீரகமும் உள்ள மீன் உப்பைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளும். முட்டைக்கு அந்த உறுப்புகள் எதுவும் இன்னும் முளைக்கவில்லை. தாய் பிழைக்கும் தண்ணீரில் முட்டை பிழைக்காததற்குக் காரணம் இவ்வளவுதான்.

அப்படியானால் ஏஞ்சலும் அமேசான் மீன்தானே, அது எப்படிப் பொரிக்கிறது என்று கேட்கலாம். ஏஞ்சல் முட்டை மிதமான கடினத்தைத் தாங்கும். தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டு, அதில் பிழைத்த மீன்களின் வாரிசுகள்தான் நம் கைக்கு வருகின்றன. ஆனாலும் ஏஞ்சல் முட்டை முழுவதும் மறுநாளே வெள்ளையாகிவிட்டால் தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன் ஜோடியைச் சோதியுங்கள். இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து, இலையைச் சுத்தம் செய்து, இரண்டும் மாறி மாறி முட்டையிட்டு, இரண்டும் காவலும் காக்கும். உடலைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாத மீன் இது. முட்டையிடும் நாளையொட்டி மட்டும் வயிற்றடியில் ஒரு சிறு குழாய் வெளியே நீளும். பெண்ணுக்கு அது தடித்து முனை மழுங்கி இருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த முட்டை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஃபைட்டர் மீன் தண்ணீரைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும், ஆக்சிஜன் குறைந்த தேங்கிய நீரில் பிறந்த இனம் அது. ஆண், வாயில் காற்றை நிரப்பி, எச்சில் பூசி, குமிழ்களை நீர்ப்பரப்பில் அடுக்கிக் கூடு கட்டுகிறது. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் நீரில்தான் ஆக்சிஜன் அதிகம், முட்டைகள் இருக்க வேண்டிய இடம் அதுவே. இணையும்போது ஆண் பெண்ணை வளைத்துச் சுற்றிக்கொள்ளும். வெண்ணிற முட்டைகள் மெல்லக் கீழே இறங்கும். ஆண் பாய்ந்து சென்று அவற்றை வாயில் பொறுக்கி வந்து கூட்டில் ஊதி ஒட்டும். நம் வெப்பத்தில் ஒன்றரை நாளுக்குள் பொரித்து, குஞ்சுகள் வால் கீழே தொங்கக் கூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் தகப்பன் மறுபடி எடுத்துவந்து வைக்கும். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகு ஆணை வெளியே எடுத்துவிட வேண்டும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றின் தலைக்குள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியை மூடியே வைத்தால், மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். வால் குட்டையான பிளக்காட் ரக ஆணைப் பெண் என்று நினைத்து விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. வயிற்றடியில் உப்பு மணி அளவுக்கு வெள்ளைப் புள்ளி துருத்தியிருந்தால் பெரும்பாலும் பெண். கண்ணாடியைக் காட்டினால் செவுளுக்கு அடியில் அகலமான தாடிச் சவ்வை விரித்தால் பெரும்பாலும் ஆண்.

நியானுக்குத் திரும்புவோம். வாங்கியது நியான்தானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நியானுக்குச் சிவப்புக் கோடு வயிற்றின் நடுவிலிருந்து வால் வரை மட்டும் ஓடும். மூக்கின் பக்கத்திலிருந்தே சிவப்பு ஓடினால் அது கார்டினல் டெட்ரா. கார்டினல் ரியோ நீக்ரோ ஆற்றின் கருநீரைச் சேர்ந்தது, அந்த நீர் இன்னும் மென்மையானது. தொடக்கத்திலேயே கார்டினலைப் பொரிக்க வைக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நியானில் பெண்ணுக்கு வயிறு பருத்திருப்பதால் நீலக்கோடு சற்று வளைந்து தெரியும், ஆணுக்கு நேராக ஓடும்.

தண்ணீரை மென்மையாக்க இங்கே கைக்கெட்டும் வழி இரண்டு. ஆர்.ஓ. தண்ணீர் ஒன்று. மற்றது, ஐப்பசி கார்த்திகையில் இலவசமாகக் கொட்டும் வடகிழக்குப் பருவமழை. கொதிக்க வைத்துத் துணியில் வடிகட்டினால் கடினம் போய்விடும் என்று நம்பாதீர்கள். காய்ச்சுவதால் ஒரு பகுதிக் கால்சியம்தான் பாத்திரத்தில் படியும், மீதி நீரிலேயே இருக்கும். நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் முழு உண்மையைச் சொல்லாது. சாதாரண உப்பு, கால்சியம் எல்லாவற்றையும் அது சேர்த்தே எண்ணும். கடினத்தை அளக்கத் தனியாகச் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் மொட்டை மாடிக் குழாய் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் நீரை அப்படியே எடுத்தால் காரியம் கெடும். சிமென்ட் தளத்தில் ஓடிவரும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். வானத்திலிருந்து நேராக, நான்கு மூலைக்கும் கயிறு கட்டிய பிளாஸ்டிக் தாளில் பிடித்து டிரம்மில் விடுங்கள். முதல் சில மழைகளை விட்டுவிடுங்கள். மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றில் உள்ள புகையும் தூசியும் அவற்றோடு இறங்கும். தெருவோரப் பாதாம் மரத்தின் உதிர்ந்த சருகு ஒன்றிரண்டைக் கழுவி டிரம்மில் போட்டால் நீர் பழுப்பாகி இன்னும் சற்று அமிலமாகும். அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பூஞ்சையையும் ஓரளவு மட்டுப்படுத்தும்.

இந்த மென்னீர் நிரப்பிய தொட்டியில் நியான் ஜோடியை மாலையில் விட்டால் பல சமயம் மறுநாள் விடியலில் முட்டையிடும். கிடைத்த முட்டையைப் பெற்றோரே தின்றுவிடும் என்பதால் பெற்றோரை உடனே வெளியே எடுத்துவிட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும், நியான் முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு நாளில் பொரிக்கும். ஐந்து நாள் அளவில் நீந்தத் தொடங்கும். அப்போது அதன் வாய், மீன் குஞ்சுகளுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா என்ற நுண் இறாலின் குஞ்சுக்கே கொள்ளாத அளவு சிறியது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நிறைந்த பச்சை நீரோ, சருகு ஊறிய நீரோதான் முதல் தீனி. ஆர்ட்டீமியா ஒரு வாரம் கழித்து. மீன் உருவம் தெளிவாகி, நீலக்கோடு தெரிந்த பிறகு, தினமும் ஒரு குவளை வீட்டுத் தண்ணீரைச் சேர்த்து மெல்லப் பழக்கலாம். அதற்குப் பிறகு நியானும் வடசென்னைத் தண்ணீரிலேயே வளரும். அது முட்டையிடும் பருவத்துக்கு வரும்போது தேவைப்படும் என்பதால், டிரம்மில் மீந்த மழைநீரை மூடி, வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.