மாமாவின் பென்ஸ் ஏன் முக்குகிறது?

பரந்தனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். காலமெல்லாம் இரண்டு வேலை செய்து, தங்கச்சிமாரைக் கரைசேர்த்து, கடைசியில் தன் ஆசைக்கென்று ஒரு கார் வாங்கியிருக்கிறார்: 1984ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 380 எஸ்எல். இரண்டு இருக்கை, கழற்றி வைக்கக்கூடிய கூரை, 3.8 லீற்றர் வி-8 எஞ்சின், ஓட்டோ கியர்.

"சேர், பச்சை விழுந்தா பக்கத்தில நிக்கிற சின்னக் கார் எல்லாம் போயிடுது. மாமான்ர கார் முக்கி முக்கித்தான் வெளிக்கிடுது. ஆனா ஓடத் தொடங்கினாப் பறக்குது. எஞ்சின் பழுதாப் போச்சோ? மாத்த வேணுமோ?"

எஞ்சினைத் தொட வேண்டாம். ஓடத் தொடங்கினால் பறக்கிறது என்று நீரே சொல்லிவிட்டீர்; அது நோயாளியே தன் வாயால் நோயைச் சொன்னது மாதிரி. சிக்கல் எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையில் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் முறிகண்டிக்குப் போகவேண்டும்.

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் போவது குறைவு. போன வருடம் சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய யப்பான் காருக்கு அங்கே பூசை. நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். பொடியன் ஏறி, கியரை 'டி'யில் போட்டு, பிரேக்கில் இருந்து காலை எடுத்தான். அக்சிலேற்றரைத் தொடவே இல்லை. கார் தன்பாட்டில் மெல்ல நகர்ந்து, தேசிக்காய்களைப் 'பொச்' என்று நசித்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியளே, பிள்ளையாரே இழுத்துக்கொண்டு போறார்."

அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. கச்சான் சுடச்சுட இருந்தது. இப்போது சொல்கிறேன்: இழுத்தது ஒயில்.

கை கியர் காரில் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைப்பது கிளச். உராய்வால் பிடிக்கிற தட்டு. அது எல்லோருக்கும் தெரியும். பழைய ஓட்டோ கியரில் அந்த இடத்தில் ஒட்டிப் பிடிக்கிற தட்டு எதுவும் இல்லை. எஞ்சின் ஒரு பக்கம், கியர்பொக்ஸ் மறுபக்கம், இடையில் ஒயில் மட்டும். கிளிநொச்சியில் படிப்பித்த காலத்தில் இரண்டு மேசை விசிறியை நேருக்கு நேர் வைத்து இதைக் காட்டுவேன். ஒன்றுக்குத்தான் கரன்ட். அது சுற்ற, அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்றத் தொடங்கும். கரன்ட் கொடுத்த விசிறி எஞ்சின், மற்றது சில்லு. சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. அதனால்தான் ஓட்டோ கார் 'டி'யில் போட்டு நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. பிரேக்கை விட்டால் தானாக ஊர்வதும் அதனால்தான்.

காற்றுக்குப் பதிலாகத் திரவத்தை வைக்கலாம் என்று கண்டவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர். 1905இல் காப்புரிமை பெற்றார். அவருக்குக் காரைப் பற்றிய கவலை இல்லை. ஸ்ரெற்றின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. வேகமாகச் சுற்றும் நீராவி டேர்பைனை மெதுவாகச் சுற்றவேண்டிய கப்பல் விசிறியோடு எப்படி இணைப்பது என்பதுதான் அவருடைய தலையிடி. கார்களுக்கு அது வந்து சேர இன்னும் பல வருடம் ஆனது.

ஆனால் இரண்டு விசிறி மட்டும் போதாது. அவை கொடுத்ததைத்தான் கொடுக்கும், கூட்டிக் கொடுக்காது. நின்ற காரை எழுப்ப முறுக்கம், அதாவது திருகுகிற வலிமை, கூட்டித்தான் வேண்டும். ஃபொட்டிங்கரின் மூளை வேலை செய்த இடம் இதுதான். எனக்கு இந்தப் பொறிமுறை முழுவதிலும் பிடித்த துண்டும் இதுதான், ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

அடுத்த முறை மிளகாய்த் தோட்டத்தில் இறைக்கிற மெசின் ஓடும்போது, குழாய் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் மோதி நாலாபக்கமும் சிதறும், கை பின்னுக்குத் தள்ளுப்படும். இப்போது கையைச் சிரட்டைபோலக் குவித்து, வந்த தண்ணீர் வந்த பக்கமே திரும்பிப் பாயும்படி பிடியுங்கள். குழாய் பிடிக்கிறவர் தலையோடு முழுகுவார், அவருடைய பேச்சையும் கேட்கவேண்டி வரும். ஆனால் கையில் விழுகிற உதை வேறு உதை. தட்டையான கையில் தண்ணீர் தன் உந்தத்தை இழந்து நிற்கிறது. குவித்த கையில் இழந்ததோடு நிற்காமல் எதிர்ப்பக்க உந்தத்தையும் பெற்றுத் திரும்புகிறது. உந்த மாற்றம் இரண்டு மடங்குவரை போகலாம், உதையும் அப்படியே. பத்தாம் வகுப்பு நியூட்டன் இவ்வளவும்தான்.

இனி ஓர் உழுந்து வடையை எடுத்து, பாண் வெட்டுவதுபோலக் குறுக்கே இரண்டாகப் பிளந்து கொள்ளுங்கள். டோர்க் கொன்வேட்டர் என்ற அந்தப் பொறி இப்படி ஒரு வடைதான். இரண்டு பாதிக்குள்ளும் வளைந்த தகடுகள். ஒரு பாதி எஞ்சினோடு சுற்றுகிற இம்பெல்லர். மற்றப் பாதி கியர்பொக்ஸுக்குப் போகிற டேர்பைன். உள்ளே நிறைய ஒயில். இம்பெல்லர் சுற்ற, ஒயில் ஓரத்துக்கு வீசப்பட்டு டேர்பைனுக்குள் பாய்கிறது. அங்கே தகடுகள் சிரட்டைபோல வளைந்திருப்பதால் அதை அடித்துத் தள்ளிவிட்டு, எதிர்த்திசையில் திரும்பி வடையின் ஓட்டைப் பக்கமாக வெளியே வருகிறது.

வந்த ஒயில் அப்படியே இம்பெல்லருக்குள் போனால் அதன் முகத்தில் அறையும், எஞ்சினைத் தடுக்கும். கொடுத்த உதையை ஒயிலே பறித்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டு பாதிக்கும் நடுவில், ஓட்டைக்குப் பக்கத்தில், மூன்றாவதாக ஒரு சின்னச் சக்கரம். பெயர் ஸ்டேற்றர். அது சுற்றாது, கியர்பொக்ஸின் கூட்டோடு பிடிபட்டு நிற்கும். எதிர்த்திசையில் வருகிற ஒயிலை அதன் தகடுகள் வளைத்து, இம்பெல்லர் சுற்றுகிற பக்கமாகவே திருப்பிவிடும். வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்ப மண்வெட்டியால் அணைப்போமே, அதே வேலை. தண்ணீர் திரும்பும்போது அந்த அணையைத் தள்ளுகிறது. அணை அசையாமல் இருப்பது நிலம் பிடித்திருப்பதால். ஸ்டேற்றர் அசையாமல் இருப்பது காரின் உடம்பே அதைப் பிடித்திருப்பதால்.

கணக்கைப் பாருங்கள். இம்பெல்லர் ஒயிலுக்குக் கொடுத்த முறுக்கமும் ஸ்டேற்றர் ஒயிலுக்குக் கொடுத்த முறுக்கமும் சேர்ந்து டேர்பைனுக்குக் கிடைக்கிறது. கார் அசையாமல் நிற்கிற அந்த முதல் கணத்தில், எஞ்சின் 100 கொடுத்தால் டேர்பைனில் ஏறத்தாழ 200. மிச்ச 100ஐக் கொடுத்தவர் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்ற ஸ்டேற்றர்! இதில் சக்திக் காப்பு எதுவும் உடையவில்லை. டேர்பைன் மெதுவாகச் சுற்றுகிறது, வலிமையாகச் சுற்றுகிறது. அலவாங்கால் கல்லைக் கிளப்புவது போலத்தான். முப்பது வருடம் படிப்பித்தும் இந்த இடம் வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

கார் வேகம் பிடிக்க, டேர்பைனும் கிட்டத்தட்ட இம்பெல்லரின் வேகத்துக்கு வருகிறது. அப்போது ஒயில் வெளியே வரும் திசை மாறி, ஸ்டேற்றரின் முதுகில் அடிக்கத் தொடங்கும். இனி அது பிடிவாதமாக நின்றால் இடைஞ்சல். அதற்காக அதன் நடுவில் ஒருவழி கிளச், நம் சைக்கிளின் பின் சில்லில் இருக்கிற பிரீவீல் மாதிரி. ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுவிடும். யாரும் கட்டளை இடாமல், ஒயிலே அடித்து அதைக் கழற்றிவிடுகிறது.

இந்தப் பிரீவீல் தேய்ந்து இரண்டு பக்கமும் வழுக்கினால் என்ன ஆகும்? ஸ்டேற்றர் ஒயிலோடு சேர்ந்து சுற்றும், அணை உடைந்த வாய்க்கால் ஆகிவிடும். கார் எழும்பும்போது முக்கும், ஓடத் தொடங்கினால் பழுதே தெரியாது. தம்பி சொன்ன குணம் அதேதான். எறிகிற காசை எஞ்சினில் எறிந்தவர்கள் எத்தனை பேரோ.

ஆனால் மாமாவின் காரில் பழுதே இல்லாமலும் இந்தக் குணம் இருக்கலாம். அந்தப் பென்ஸின் நாலு கியர் ஓட்டோ, அக்சிலேற்றரை மெதுவாக மிதித்தால் முதல் கியரில் வெளிக்கிடுவதே இல்லை, இரண்டாவதில்தான் வெளிக்கிடும். முழுக்க மிதித்தால்தான் முதலாவதுக்கு இறங்கும். குலுங்காமல் போகவேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். போதாததற்கு, எரிபொருள் சிக்கனச் சட்டங்களுக்காக அமெரிக்கச் சந்தைக்குப் போன 380க்குப் பின்னால் 2.47 என்ற டிபரென்ஷியலை, அதாவது பின் சில்லுகளுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டியை, வைத்தார்கள்: பின் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற கியர்பொக்ஸ் தண்டு 2.47 சுற்று. அங்கே வேகக் கட்டுப்பாடு மணிக்கு 55 மைலாக இருந்த காலம் அது.

கியர்பொக்ஸுக்குள்ளும் இதே மாதிரி விகிதங்கள்: முதல் கியர் 3.68, இரண்டாவது 2.41. இரண்டாவதை 2.47ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6; முறுக்கம் அத்தனை மடங்காகிச் சில்லுக்குப் போகிறது. முதலாவதில் வெளிக்கிட்டால் 9. டிபரென்ஷியலையும் 3.27 ஆக மாற்றினால் 12. சில்லில் விழுகிற முறுக்கம் இரண்டு மடங்கு, எஞ்சினில் ஓர் ஆணிகூடக் கழற்றாமல்! ஆர்முடுகலும், அதாவது வேகம் ஏறுகிற வீதமும், அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட அப்படியே. விலை வேறு பக்கத்தில் வரும். 100 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,100 சுற்றில் ஓடிய எஞ்சின் 2,800ஐத் தொடும், பெற்றோல் கூடக் குடிக்கும். வேகமானியும் பொய் சொல்லும், அதைத் திருத்தவேண்டும். எனக்கென்றால் முதலில் முதல் கியரில் வெளிக்கிடச் செய்யும் சின்னத் திருத்தத்தை, கியர்பொக்ஸ் வேலை தெரிந்த கராஜில் கொடுத்துச் செய்விப்பேன். டிபரென்ஷியலை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, பந்தயக்காரரின் வழி: டோர்க் கொன்வேட்டரையே, அதாவது அந்த வடையையே, சின்னதாக்குவது. காரைப் பிரேக்கில் பிடித்தபடி அக்சிலேற்றரை முழுக்க மிதித்தால் எஞ்சின் எத்தனை சுற்றுவரை ஏறும் என்பது ஒரு அளவு. அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களில் 2,000ஐ அண்டி. வடை விழுங்குகிற முறுக்கம் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடும் சுற்று வேகத்தின் வர்க்கத்தோடும் போகும். விட்டத்தைப் பத்திலொன்று குறைத்தால், 0.9ஐ ஐந்து தரம் பெருக்க, 0.59. அதே முறுக்கத்தைத் தாங்க எஞ்சின் 30 சதவீதம் வேகமாகச் சுற்றவேண்டும். 2,000 போய் 2,600 ஆகும். எஞ்சின் தன் பலமுள்ள இடத்துக்கு ஏறி நின்றுகொண்டு இழுக்கும். ஆனால் எப்போதும் வழுக்கும், ஒயில் சூடாகும். ஆசைக்கு ஓட்டும் ஒரு மனிசனுக்கு இது தேவையில்லை.

எந்தப் பொறிக்கும் வெளிக்கிடுகிற கணம்தான் கஷ்டம் என்பதை வன்னிச் சனத்துக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பெற்றோல் தடையாக இருந்த தொண்ணூறுகளில் இங்கே ஒஸ்ரினும் மொறிசும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில் ஆகும். அந்த ஒரு உண்மையில் ஒரு சமூகமே பயணம் செய்தது. அதைச் செய்த மெக்கானிக்மாருக்கு இப்போது வயதாகிவிட்டது. இந்த நாடு ஆய்வுக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தின் பத்திலொரு பங்கை ஒட்டிய தொகை. அந்தக் கிள்ளுக்கீரையில் ஒரு கிள்ளை எடுத்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை ஒன்று இவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, ஒரு பழைய எஞ்சினை வைத்து அளந்து எழுதினால் என்ன? தேசிக்காய்க்குச் செலவழிக்கிற காசே போதும் என்று நினைக்கிறேன். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

சரி, மாமாவுக்கு. முதலில் அக்சிலேற்றரை அடிவரை மிதித்தால் மற்றப் பக்கத்தில் எஞ்சினுக்குக் காற்று விடுகிற வால்வு முழுக்கத் திறக்கிறதா என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சினை அணைத்து வைத்துக்கொண்டு. நாற்பது வருடக் காரில் அந்த இணைப்புகள் தளர்ந்திருக்கும். கியர் ஒயிலின் அளவையும் பார்க்கவேண்டும். பிறகு வெறும் வீதியில் நின்ற இடத்திலிருந்து ஒரேயடியாக முழுக்க மிதிக்கட்டும். துள்ளிப் பாய்ந்தால் கார் சுகமாக இருக்கிறது. இரண்டாம் கியர்தான் வில்லங்கம். அப்போதும் முக்கினால், பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'டி'யில் முழுக்க மிதித்து எஞ்சின் சுற்றைப் பார்க்கவேண்டும். 2,000ஐ அண்டிப் போகாமல் பல நூறு சுற்றுக் கீழேயே நின்றுவிட்டால், எஞ்சினும் ஒழுங்காக இருந்தால், ஸ்டேற்றரின் பிரீவீல் போய்விட்டது. ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கவேண்டாம். எஞ்சினின் வலு முழுவதும், 50 கிலோவாற்றளவில், அந்த நேரம் ஒயிலைச் சூடாக்கத்தான் போகிறது; ஏழெட்டு லீற்றர் ஒயில் முழுவதும் கலந்து சூடேறுகிறது என்று வைத்தாலும் விநாடிக்கு மூன்று பாகைக்கு மேல், வடைக்குள் இன்னும் மோசம். காருக்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, மருமகன்மார் வீடியோ எடுப்பதானாலும் பக்கவாட்டில் நின்று எடுக்கட்டும்.