எக்கோ: இதயத்தின் எதிரொலிப் படம்

"ஈசிஜி எடுத்தாச்சு, எக்கோ எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம். எக்கோகார்டியோகிராம் என்ற நீளமான பெயரின் தலைப்பகுதிதான் எக்கோ. எல்லாமே கிரேக்க வேர்கள்: எக்கோ என்றால் எதிரொலி, கார்டியா என்றால் இதயம், கிராம்மா என்றால் எழுதியது, வரைந்தது. ஈசிஜியின் முழுப்பெயரான எலக்ட்ரோகார்டியோகிராமிலும் கார்டியோகிராம் இருப்பதால் குழப்பம். அது இதயத்தின் மின்சாரத்தைக் கோடாக எழுதுவது, இது ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைப் படமாக்குவது.

நம் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான். நெஞ்சில் பசை தடவி வைக்கிற அந்தக் கருவி அனுப்பும் ஒலியோ வினாடிக்கு 20 லட்சம் தடவைக்கும் மேல் அதிர்வது. உடல் திசுவுக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும் என்பதால், இதயச் சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெயரில் இருக்கிற எதிரொலி அலங்காரத்துக்கு வந்ததில்லை, செய்முறையே அதுதான்.

இதைத் தொடங்கிவைத்தவர்கள் சுவீடனின் லுண்ட் நகரத்தில் இருந்த மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற கருவியை இரவல் வாங்கி, 1953 அக்டோபரில் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எட்லர் வைத்த பெயர் அல்ட்ராசவுண்ட் கார்டியோகிராபி, எக்கோ என்ற பெயர் பிறகுதான் நிலைத்தது.

விளையாட்டு வீரர்களுக்கும் இந்தச் சோதனை முக்கியம், ஏன் என்பதற்கு வருகிறேன். 1899இலேயே சுவீடனில் ஹென்ஷென் என்ற மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களுடைய இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்தார். எக்கோ வந்த பிறகு தட்டிப் பார்த்தது அளவாக மாறியது. 1991இல் இத்தாலியில் இதய மருத்துவர் பெலிச்சாவின் குழு முன்னணி வீரர்கள் 947 பேரை அளந்ததில், 16 பேருக்கு மட்டுமே இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தது. அதில் 15 பேர் படகு வலிப்பவர்கள், ஒருவர் சைக்கிள் வீரர்.

13 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்ள இந்த இடம்தான் சிக்கலானது. பயிற்சியால் தடித்த இதயமாகவும் இருக்கலாம், பரம்பரையாக வருகிற தசைத்தடிப்பு நோயாகவும் இருக்கலாம். பயிற்சியால் தடித்த இதயத்தில் உள்ளறையும் சேர்ந்து விரிந்திருக்கும், சில மாதம் பயிற்சியை நிறுத்தினால் தடிமன் குறையும். நோயில் பெரும்பாலும் அறை சிறுத்தே இருக்கும், ஓய்வு கொடுத்தாலும் சுவர் இளைக்காது. அதற்கும் பிடிபடாவிட்டால் எம்ஆர்ஐ எடுத்துத் தசைக்குள் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு அந்தப் பரம்பரை நோய்தான் இருந்தது என்று உடற்கூறாய்வு சொன்னது. வயது 28.

அதனால்தான் செய்திகளில் இதையெல்லாம் "இதய வீக்கம்" என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அடிபட்டால் வருவது வீக்கம். ஓடி ஓடி வளர்ந்த தசையை அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கிற பிள்ளையின் பெற்றோர் வீணாகப் பயப்படுவார்கள். சுவரைப் பற்றியென்றால் இதயத்தசைத் தடிப்பு, அறையைப் பற்றியென்றால் அறை விரிவு என்று பிரித்தே எழுதலாம்.

சரி, எக்கோவுக்குத் தமிழ் என்ன? எதிரொலி இதய வரைவு, இதய மீயொலி வரைவு என்றெல்லாம் எழுதுகிறார்கள். வரைவு என்றாலே ஈசிஜியின் கோடுதான் மனதில் வரும். மீயொலி என்பது அல்ட்ராசவுண்டுக்கு நல்ல சொல்தான், ஆனால் தொடைத்தசை கிழிந்ததா என்று பார்ப்பதும் மீயொலிதான், வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதும் அதுதான். பழந்தமிழில் எதிரொலிப்பதைச் சிலம்புதல் என்றும் சொல்வார்கள், அழகான சொல், ஆனால் இன்று சிலம்பு என்றால் காலில் அணிவதுதான் நினைவுக்கு வரும் என்பதால் இங்கே ஒத்துவராது. என் தேர்வு இதய எதிரொலிப் படம். கேட்டவுடனே எதனால் எடுத்தது, எதை எடுத்தது என்று இரண்டும் புரிகிறது, அப்புறம் இதிலிருந்து மற்ற சொற்களையும் சிரமமில்லாமல் கட்டலாம்: ஓடவிட்டு எடுத்தால் உழைப்பு எதிரொலிப் படம், குழாயை விழுங்கவைத்து எடுத்தால் உணவுக்குழாய்வழி எதிரொலிப் படம்.