நினைவகம் அல்ல, நினைவு

கோவையில் ஒரு கல்லூரியில் நடந்த உளவியல் கருத்தரங்கில், மார்ட்டின் கான்வே என்னும் பிரித்தானிய உளவியலாளரின் ஆய்வைப் பற்றிப் பேசியவர், தொடக்கம் முதல் முடிவு வரை ‘சுயசரிதை நினைவகம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தியை அழைத்துப்போக வந்து என்னருகே அமர்ந்திருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து, “அது எந்த ஊர்லீங்க கட்டியிருக்காங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. நினைவகம் என்றால் தலைவர்களுக்கு எழுப்பும் கட்டடம் என்றுதான் ஊரார் அறிவர்.

அவர் அப்படித் தமிழாக்கிய ‘ஆட்டோபயகிராபிக்கல் மெமரி’ என்பதன் முதற்சொல் தான், வாழ்வு, எழுதுதல் என்று பொருள்படும் மூன்று கிரேக்க வேர்களால் ஆனது. ஒருவர் தாம் வாழ்ந்து கடந்தவற்றைப் பற்றிக் கொண்டிருக்கும் நினைவு என்பதே தொடரின் பொருள்.

சிக்கல் ‘அகம்’ என்னும் ஈற்றில் இருக்கிறது. நூலகத்தில் திங்களன்று வைத்த நூல் வெள்ளியன்று எடுக்கும்போதும் அதே நூல்தான். கணினியின் நினைவகமும் அப்படியே என்பதால் அங்கே அச்சொல் பொருந்துகிறது. மனிதரிடம் அப்படி நடப்பதில்லை. நினைவுகூர்தல் என்பது மீண்டும் கட்டியெழுப்புவது என்று பிரித்தானிய உளவியலாளர் பார்ட்லெட் 1932-இலேயே எழுதிவிட்டார். கான்வேயும் பிளைடெல்-பியர்சும் 2000-இல் வெளியிட்ட கட்டுரை, வாழ்க்கைக் காலங்கள், பொது நிகழ்வுகள், ஒரு நிகழ்வுக்கே உரிய நுண்விவரங்கள் ஆகிய மூன்று அடுக்குகளிலிருந்து நினைவு அவ்வப்போது தொகுக்கப்படுகிறது என்று விளக்குகிறது. கட்டுரை மறுப்பதையே மொழிபெயர்ப்பாளர் அதன் தலைப்பில் ஏற்றிவிடுகிறார். கலைச்சொல் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது என்பது அவர்களின் வழக்கமான விடை. அந்தப் பட்டியல் கணினிக்காரர்களிடமிருந்து வந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை.

என் அமுச்சி (பாட்டி), “டேம் கட்டுன காலத்துல” என்று தொடங்குவார். 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையைத்தான் சொல்கிறார். அது வாழ்க்கைக் காலம். “அப்பொ வாராவாரம் வண்டி கட்டிச் சந்தைக்குப் போவோம்” என்பது பொது நிகழ்வு. “ஒருநாளு கடையாணி கழண்டு போச்சு” என்னும்போது நுண்விவரம் வந்துவிடும். ஆனால் கடையாணி கழன்ற இடம் ஒருமுறை பெருந்துறைக்கு இப்பால் இருக்கும், மறுமுறை அப்பால் போய்விடும். அமுச்சி பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்.

‘சுயசரிதை’ என்பதைக் குறைத்துச் ‘சுயநினைவு’ என்று எழுதுவோரும் உண்டு. விபத்தில் சுயநினைவை இழந்தார் என்று நாளிதழில் நாள்தோறும் படிக்கிறவருக்கு அது மயக்கம் தெளிந்த நிலையைத்தான் சுட்டும். ‘வாழ்க்கை நினைவு’ கேட்க இனிமையானது. ஆயினும் தன்னைப் பற்றியது என்னும் பொருள் அதில் நழுவிவிடுகிறது. ஆகவே ‘தன்வரலாற்று நினைவு’ என்பதே என் தேர்வு. வரல், ஆறு என்று பிரித்தால் வரலாறு என்பது வந்த வழி. தான் வந்த வழியின் நினைவு என்பதைவிட நெருக்கமான பொருள் வேறெங்கே கிடைக்கும்? தன்வரலாறு நூல்வகைக்கும் பெயராயிற்றே என்று கேட்டால், அந்தக் குறை ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு. தனித்தமிழில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இருப்பினும் ‘சுயசரிதை’யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ‘நினைவக’த்தைப் பொறுக்க மாட்டேன்.

அன்றைய பேச்சின் இறுதியில் இன்னொன்றும் நடந்தது. நாற்பதைக் கடந்தவர்களிடம் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே மிகுதியாக வருகின்றன. வரைபடத்தில் அவ்விடம் மேடாக எழும்பி நிற்கும். மேடு என்று பொருள்படும் ‘பம்ப்’ (bump) என்றே ஆங்கிலத்தில் அதைச் சொல்வார்கள். அச்சொல்லை அப்படியே வைத்துத் திரையில் ‘நினைவுப் பம்ப்’ என்று எழுதியிருந்தார்கள். மோட்டார் பம்புக்குப் பேர்போன கோவையில்! ‘நினைவு மேடு’ என்று எழுதியிருந்தால், அந்தப் பெரியவர் இரண்டாம் முறை என் பக்கம் சாய்ந்திருக்க மாட்டார்.