மாற்றுச் சிறுநீரகம் வலித்துச் சொல்லாது

மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலது பக்கம், பொருத்துகிறார்கள். ரத்தக் குழாய்களை இணைப்பார்கள், சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையோடு தைப்பார்கள். நரம்புகளை மட்டும் யாரும் இணைப்பதில்லை. ஆகவே உள்ளே நிராகரிப்பு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புதுச் சிறுநீரகத்தைத் தாக்குவது, தொடங்கிவிட்டாலும் பல பேருக்கு வலி தெரியாது, காய்ச்சல் வராது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இந்த மாசம் டெஸ்ட் வேண்டாம்" என்ற கணக்கு தப்புவது இங்கேதான்.

உடம்பு சொல்லாததை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு கிரியேட்டினின்; சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் ஏறும். அதைப் பொதுவாக முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்ப்பார்கள். பிறகு மூன்றாம் மாதம் முடியும்வரை வாரம் ஒரு முறை, ஆறாம் மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு ஆகும்வரை மாதம் ஒரு முறை. அதன்பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை, ஆயுள் முழுக்க.

ஆய்வக ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' ஊருக்கெல்லாம் பொதுவானது. உங்கள் அளவுகோல், அறுவைக்குப் பின் உங்கள் கிரியேட்டினின் நிலைகொண்ட எண்தான். 0.9-இல் நிலைத்திருந்தவருக்கு 1.2 வந்தால் ஆய்வகம் அதைத் தடித்த எழுத்தில்கூடக் காட்டாமல் விட்டுவிடலாம். ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. இன்னொருவருக்கு ஆண்டுக்கணக்காக 1.6, ஒவ்வொரு முறையும் தடித்த எழுத்தில் வரும், பதறத் தேவையில்லை. நிலைத்த எண்ணிலிருந்து கால் பங்கு ஏறினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவக் குழுவுக்குச் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்திருந்தாலும், முந்தைய இரவு இறைச்சி நிறையச் சாப்பிட்டிருந்தாலும் எண் கொஞ்சம் ஏறும். நிமோனியா வராமலிருக்கத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் அதை ஏற்றும். எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது; மறுபடி ரத்தம் கொடுப்பதுதான் வழி. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள்.

அதிகம் குளறுபடியாகும் பரிசோதனை, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான். நாளுக்கு இருவேளை மாத்திரை எடுப்பவருக்கு, கடைசி வேளை முடிந்து 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம், அதன் பிறகு மாத்திரை. பழக்க தோஷத்தில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அப்போது ரிப்போர்ட்டில் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தால், உண்மையில் போதாமல் இருந்த மருந்து இன்னும் குறையும். நிராகரிப்புக்குக் கதவு திறந்துவிட்டதுபோல ஆகும். ஆகவே மாத்திரையைக் கையோடு கொண்டுபோய் ரத்தம் கொடுத்தபின் போடுங்கள். தவறிப் போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தைப் பரிசோதனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு வேளை போடும் வகையும் இரு வேளை போடும் வகையும் பெயரால் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. கம்பெனி மாறினாலும் குழுவுக்குத் தெரிய வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து உடம்பில் சேராமல் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. டாக்ரோலிமஸில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். இந்த மருந்தின் பெரும்பகுதியைக் குடல் சுவரே சிதைக்கும், அல்லது உள்ளே விடாமல் திருப்பித் தள்ளும். குடல் புண்பட்டால் அந்தத் தடை தளர்ந்து, ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கை நடுக்கம், தலைவலி வந்தால் அதன் அடையாளமாக இருக்கலாம். மருந்தின் மிகுதி ஒரு பக்கம், நீரிழப்பு மறுபக்கம் என இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கூடுதல் மாத்திரை போடக் கூடாது. ஓரிரு நாளில் நிற்காவிட்டால் கிரியேட்டினினும் மருந்தளவும் பார்க்க வேண்டும். நிராகரிப்பைத் தடுக்கத் தரும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட்டும் வயிற்றுப்போக்கைத் தரக்கூடியதுதான். அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை இன்னொரு பள்ளம். ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தையே சுருக்கும். கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல், டில்டியாசெம் ஆகியவை டாக்ரோலிமஸை ஏற்றும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின் இறக்கும். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பழங்களும் ஏற்றும் வகை. எந்தப் புது மாத்திரையானாலும் போடுவதற்கு முன் ஒரு போன்.

அறுவையின்போது சிறுநீர்க் குழாய்க்குள் வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு சிறுநீர் குறைந்தாலோ கிரியேட்டினின் ஏறினாலோ முதலில் ஸ்கேன், ஏனென்றால் அடைப்பாக இருக்கலாம்.

ஸ்கேனும் சரி, மருந்தளவும் சரி, ஆனாலும் எண் இறங்கவில்லை என்றால் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து துளித் திசு எடுத்துப் பார்ப்பது. பலர் பயந்து தள்ளிப்போடுவது இதைத்தான். நிராகரிப்பானாலும், எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும்போது சிறுநீரகத்தில் தலைதூக்கும் பிகே வைரஸின் தாக்குதலானாலும் வெளியே தெரிவது ஒரே கிரியேட்டினின் உயர்வுதான். ஆனால் நிராகரிப்புக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும்; பிகே வைரஸுக்கு அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். ஊகித்து வைத்தியம் செய்தால் பாதி வாய்ப்பில் நோயைத்தான் வளர்ப்போம். வைரஸை ரத்தத்தில் தேடலாம்தான், சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். திசுவைப் பார்த்தால்தான் பிடிபடும்.

மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் மல்லாந்து படுத்தபடியே, மரக்க ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் நூல்போலத் திசு எடுப்பார்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதன்பின் சில மணி நேரம் அசையாமல் படுக்கை. சிறுநீர் லேசான சிவப்பாகப் போய்த் தெளிவது உண்டு. கட்டியாக ரத்தம் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ அந்த நிமிடமே செவிலியரை அழையுங்கள்.